மேடம் நாக்கில் வைத்த கல்

மரக்காணம் உப்பளத்தில் பலராமனைப் பொய்யன் என்று யாரும் சொல்ல முடியாது. பொய் சொல்கிறவனுக்கு உண்மை எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். பலராமனுக்கு அந்த வசதி கிடையாது. எதையாவது கண்ணால் பார்த்தால் போதும், அது இன்னது, இன்னதுக்காக வந்திருக்கிறது, இன்னும் ஆறு மாதத்தில் இப்படி ஆகும் என்று வாய் தானாகச் சொல்லிவிடும். மனசு பின்னாலேயே ஓடிவந்து அதை நம்பிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலப்படுத்தியபோது, அது விமானம் இறங்குவதற்கு என்றார். செல்போன் டவர் நட்டபோது, அது மழை மேகத்தைக் கலைத்துவிடும் என்றார். அந்த வருஷம் பார்த்து மழையும் ஏமாற்றியது. அதில் கிடைத்த மரியாதையை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் ஓட்டினார்.

வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து குத்தகைக்கு எடுத்திருந்த பாத்திகளுக்கு அவர்தான் கங்காணி. பாத்தித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். "இன்னும் ரெண்டு நாள் போவட்டும்" என்பார், இல்லையென்றால் "இன்னிக்கு வாரிடலாம்" என்பார். சொன்னபடி உப்பு வரும். அதனால் உப்பு விஷயத்தில் அந்த நாக்கை எல்லோரும் நம்பினார்கள். அதே நாக்கு மற்ற விஷயங்களைப் பேசும்போதும் நம்பித் தொலைத்தார்கள் என்பதுதான் சிக்கல்.

நம்பாத ஒரே ஆள் அவர் மனைவி அமராவதி. வீட்டுக்காரர் பேச்சை அவள் ரேடியோவில் வானிலை அறிக்கை கேட்பதுபோலக் கேட்பாள். கேட்டுவிட்டுத் துணியைத் தன் இஷ்டத்துக்குக் காயப்போடுவாள்.

இரண்டாயிரத்து நாலு டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது அளத்தில் யாரும் இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆள் தப்பியது, பாத்தி தப்பவில்லை. வரப்பு, மதகு, உப்புக் குவியல், சாமான் கொட்டகை எல்லாம் போய், இடுப்பளவு கறுப்புச் சேறும் மணலும் மிஞ்சின. பலராமன் கொஞ்ச காலம் எதற்குமே காரணம் சொல்லாமல் இருந்தார். ஊருக்கு அதுவே தனிப் பயமாக இருந்தது. அடுத்த வருஷம் முழுக்க மணலை வாரிக் கொட்டியதிலேயே போனது. வாரிய கொஞ்சம் உப்பும் பழுப்பாக வந்தது. வருஷக் கடைசியில் பேய்மழை பெய்து, கட்டிய வரப்பையும் கரைத்துவிட்டுப் போனது.

ஆக, இரண்டாயிரத்து ஆறு தை மாதம்தான் எல்லோருக்கும் கடைசி நம்பிக்கை. மழை ஓய்ந்ததும் பாத்தியில் களிமண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, எல்லோரும் வரிசையாக நின்று காலால் மிதிக்க வேண்டும். தரை சிமெண்டு போல இறுகினால்தான் உப்புத் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும். ஒரு குடும்பம் தன் பாத்தியை மிதிக்காமல் விட்டால் பக்கத்துப் பாத்தித் தண்ணீரும் அந்த வழியாக ஓடிவிடும். அதனால் மிதித்தால் எல்லோரும் மிதிக்க வேண்டும், இல்லையென்றால் யாருக்கும் உப்பு இல்லை. தை தாண்டினால் வெயில் ஏறிக் களிமண் வெடித்துவிடும். அதற்கப்புறம் அந்த வருஷத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

அமராவதி முன்பே மறக்கத் தயாராக இருந்தாள். கிளியனூரில் அவள் அண்ணன் நடராசனுக்குக் கொல்லை நிலமும் மாடும் இருந்தன. "உப்புல நின்னு நின்னு என் கால் ரெண்டும் வெள்ளரிப்பழம் மாதிரி வெடிச்சுப் போச்சு. எங்கண்ணன் கூப்புடுது, போவலாம்" என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்த ஒரு வருஷம் பாக்கலாம்டி" என்று பலராமனும் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் அளத்துக்கு மேற்கே, கருவேலங்காட்டை வெட்டிவிட்டு, எண்ணெய் தேடும் கம்பெனி ஒன்று ஆழ்துளை போட வந்து இறங்கியது. பனை உயரத்துக்கும் மேலே இரும்புக் கோபுரம், சுற்றிலும் தகர வேலி, கேட்டில் வாட்ச்மேன். பலராமனால் இரண்டு நாளுக்கு மேல் தாங்க முடியவில்லை. ஒரு காலையில் வரப்பு வழியாகப் போய், தகரத்தில் இருந்த ஓட்டையில் கண்ணை வைத்தார்.

உள்ளே மேசைமேல் நீள நீளமான பெட்டிகள் இருந்தன. பெட்டிக்குள் உலக்கை கனத்தில், உருண்டையாக வெட்டிய கல். பேண்ட் சட்டை போட்ட சின்னப் பெண் ஒருத்தி ஒரு துண்டை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். நாக்கை நீட்டி அதை நக்கினாள். பிறகு ஓரத்தில் ஒரு துணுக்கைப் பெயர்த்துப் பல்லால் கடித்துப் பார்த்து, துப்பிவிட்டுத் தலையாட்டினாள்.

பலராமனுக்குச் சிலிர்த்துவிட்டது. முப்பது வருஷமாக அவர் செய்கிற வேலையை ஒருத்தி மேசை போட்டுச் செய்கிறாள்! போதாததற்கு வேலி ஓரமாக ஒரு மூட்டை பொத்தலாகி வெள்ளையாக ஏதோ கொட்டியிருந்தது. விரலை விட்டுத் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு. கொஞ்சம் கசப்பு, ஆனாலும் உப்பு.

காசிலிங்கத்தின் டீக்கடைக்கு அவர் நடந்து வரவில்லை, ஓடிவந்தார். காசிலிங்கத்துக்கும் நாலு பாத்தி உண்டு. கடையில் டீ ஆற்றுவதைவிடப் பேச்சைக் காய்ச்சுவதில் கெட்டிக்காரர்.

"எண்ணெயாம் எண்ணெய். ஏம்பா, எண்ணெயை யாராச்சும் நாக்குல வச்சுப் பார்ப்பாங்களா? மண்ணெண்ணெய் நல்லதா கெட்டதான்னு நீ எப்படிப் பாக்கற?"

"மோந்து பாப்பேன்."

"நாக்குல வச்சுப் பாக்கறது இன்னாது?"

காசிலிங்கம் கையில் டம்ளர் அப்படியே நின்றது. "உப்பு."

"அவ்ளோதான். பூமிக்கடியில மலை மாதிரி உப்புப் பாறை இருக்குது. கண்டுபிடிச்சுட்டான். மூட்டை கூட கட்ட ஆரம்பிச்சுட்டான், நான் கண்ணால பார்த்தேன். இனிமே மெஷினை வச்சு வெட்டி வெட்டி லாரியில ஏத்துவான். மழை இல்ல, வெயில் இல்ல, கங்காணி இல்ல. நம்ம உப்பை எவன் வாங்குவான்?"

சொல்லி முடித்தபோது கடையில் ஒருத்தரும் டீயைத் தொட்டிருக்கவில்லை. பலராமனுக்கு உள்ளூர ஒரு திருப்தி. இத்தனை நன்றாக அவர் பேச்சை யாரும் கேட்டு நாளாகியிருந்தது.

மறுநாள் காலை மிதிப்புக்குப் போனால், களிமண் பரப்பி வைத்திருந்த பாத்தியில் அவர் மட்டும்தான் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, வரப்பில் போன பொன்னியைக் கூப்பிட்டார். புருஷன் இல்லாமல் ரெண்டு பாத்தியைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தவள் அவள்.

"எங்க போற? மிதிக்க வர்ல?"

"எதுக்கு மிதிக்கணும்? நீதானே சொன்ன, நம்ம உப்பை எவனும் வாங்க மாட்டான்னு. கூனிமேடு பக்கம் இறால் குட்டைக்கு ஆள் எடுக்கறாங்களாம், போறேன்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

பலராமன் பாத்தியில் நின்றபடி அவள் போவதையே பார்த்தார். அவர் சேதி சொல்லத்தான் நினைத்தார். சேதி சொன்னால் ஜனங்கள் "அப்படியா?" என்று வாய் பிளந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள், அதுதானே இத்தனை வருஷ வழக்கம்? இப்படி நம்பிக் குடியைக் கெடுத்துக்கொள்வார்கள் என்று அவர் நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் அமராவதி பாட்டுப் பாடிக்கொண்டு தகரப் பெட்டியில் பாத்திரத்தை அடுக்குகிறாள்.

"வெள்ளிக்கிழமை எங்கண்ணன் டெம்போ எடுத்தாந்துடும். அம்மிக்கல்லை எடுத்துப் போவணுமா, வாணாமா?" என்றாள்.

அன்று ராத்திரி பலராமன் யோசித்துக்கொண்டே கிடந்தார். ஒருவேளை உப்புப் பாறை ரொம்ப ஆழத்தில் இருந்தால்? வெட்டி எடுக்க அவனுக்குப் பத்து வருஷம் ஆகும் என்றால்? அதையாவது உறுதியாகத் தெரிந்துகொண்டு வந்து சொன்னால் இந்த வருஷம் தப்பிக்கும். கம்பெனியில் பெட்டி தூக்க ஆள் கேட்கிறார்கள் என்று வாட்ச்மேன் சொன்னான். மறுநாளே பலராமன் மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தப் பெண்ணின் பெயர் கீதாஞ்சலி. சென்னையில் நிலவியல் படித்தவள். கல்லோடு தனியாகப் பேசுகிற ரகம். பலராமன் ஒரு முழுநாள் பொறுத்துப் பார்த்தார். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் முடியவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கண்ணா."

"உப்பு எவ்ளோ ஆழத்துல இருக்குது?"

"எந்த உப்பு?"

"மறைக்காதீங்க மேடம். நானும் அதே தொழில்தான். நீங்க நாக்குல வச்சுப் பார்த்தீங்க, நான் பார்த்தேன்."

கீதாஞ்சலி சிரித்த சிரிப்பில் பக்கத்து மெஷின்காரன் திரும்பிப் பார்த்தான். பிறகு ஒரு கல்லை எடுத்து நக்கிக் காட்டினாள். ஈரம் பட்ட இடத்தில் மயிரிழை மாதிரிக் கோடுகள் எழும்பின. "ஈரம் பட்டாத்தான் இது தெரியும். பல்லுல கடிச்சா நறநறன்னா மணல் கலந்தது. வழவழன்னா சுத்தக் களிமண்."

"அப்ப ருசி பாக்கலியா?"

"ருசியா? சகிக்காதுண்ணா."

"அந்த உப்பு மூட்டை?"

"கீழ இருக்கறதெல்லாம் களிமண் இறுகிப் பாறையானது, ஷேல்னு சொல்வோம். நல்ல தண்ணி பட்டா ஊதிப் பெருத்துத் துளையை அடைச்சுடும். உப்புத் தண்ணி விட்டா அடங்கி இருக்கும்."

பலராமன் ஹெல்மெட்டோடு தலையில் அடித்துக்கொண்டார். அடிபட்டது கைதான். களிமண்ணும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பிறந்ததிலிருந்து காலால் பார்த்து வந்தவர், அதை மூட்டையோடு சேர்த்து யோசிக்கவில்லை.

"அப்ப எண்ணெய்தான் தேடறீங்களா?"

"தேடினோம்" என்றாள் கீதாஞ்சலி. சிரிப்பு நின்றுவிட்டது. பெட்டிகளை வரிசையாகத் திறந்து காட்டினாள். மேலிருந்து வந்த கல் மரப்பட்டை நிறம். அதற்கடுத்தது சாம்பல். அதற்கடுத்தது அடுப்புக்கரி போல் கறுப்பு. கடைசிப் பெட்டியில் பச்சை கலந்த கறுப்பில் ஒரு கல், தூக்கினால் இரும்புக் கனம்.

"இவன்தான் வில்லன். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி, ஆழத்துல இருந்து கல்லு உருகி, மாக்மாவா மேல வந்துச்சு. வெளிய வர முடியல. இந்தக் களிப்பாறை அடுக்கு அடுக்கா இருக்குதில்ல, ரெண்டு அடுக்குக்கு நடுவுல பூந்து படுத்துடுச்சு."

"விருந்துக்கு வந்தவன் நடு வீட்டுல படுத்துக்கிட்ட மாதிரி."

"அதே. ஆனா இவன் உடம்பு ஆயிரம் டிகிரி கொதிக்குது. இந்தக் களிப்பாறைக்குள்ள பழைய பாசி, பூச்சி எல்லாம் செத்து அடைஞ்சிருக்கும். அது பதமா வெந்தா எண்ணெய். இன்னும் வெந்தா கேஸ். ரொம்ப வெந்தா?"

பலராமன் கறுப்புக் கல்லைப் பார்த்தார். "அடிப்பிடிச்ச சோறு."

"அடிப்பிடிச்சுத் தீஞ்ச சோறு. வில்லன் பக்கத்துல இருக்கறது கரி. கொஞ்சம் தள்ளி கேஸ் ஆயிருக்கும். அதுக்கும் தள்ளி எண்ணெய். ரொம்பத் தள்ளி இருக்கறது வேகவே இல்ல, பச்சையாக் கிடக்கும். வில்லன் எவ்ளோ தடிமனோ அதுக்குத் தக்கபடி தீயும். இவன் நாங்க நினைச்சதைவிட ரொம்பத் தடிமன்."

"அப்ப அந்த கேஸ் எங்க போச்சு?"

"சூட்டுல பாறை வெடிச்சு, அந்த வழியா எப்பவோ போயிருக்கும். சில இடத்துல மாக்மா ஆறும்போது அதுக்குள்ளயே விரிசல் விடும். கேஸ் அந்த விரிசல்ல போய்த் தங்கிக்கும். அதை நம்பித்தான் இந்த இடத்தைக் காட்டினேன். இங்க விரிசல் இருக்குது. ஆனா சுண்ணாம்பு படிஞ்சு எல்லாத்தையும் அடைச்சு வச்சிருக்குது." அவள் பெட்டியை மூடினாள். "எல்லாரும் வாணாம்னாங்க. நான்தான் அடம் பிடிச்சேன். நாளைக்கு சென்னைக்கு போன் போட்டு நான் சொன்னது தப்புன்னு சொல்லணும்."

"சொல்லிடுவீங்களா?"

"கல்லே சொல்லுது, நான் சொல்லாம?"

"சொன்னா கேவலமா இருக்காது?"

"இருக்கும்ணா. சொல்லலைன்னா இன்னும் நாலு இடத்துல இதே மாதிரி துளை போடுவாங்க."

பலராமன் பெட்டிகளை அடுக்கி வைத்தார். அன்று வேலை முடிந்து போகும்போது, துளையிலிருந்து வெளியே வந்து குப்பையில் கிடந்த கறுப்புக் கல் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கித் துண்டில் முடிந்துகொண்டார்.

மறுநாள் வியாழக்கிழமை. மதகு ஓரத்தில் எல்லோரையும் கூட்டினார். மறுபடி ஏதோ பெரிய சேதி வரப்போகிறது என்று எல்லோரும் ஆசையோடு வந்தார்கள். அமராவதியும் வந்து ஒதுங்கி நின்றாள். பரப்பிய களிமண் ஓரங்களில் ஏற்கெனவே வெளிறத் தொடங்கியிருந்தது.

பலராமன் துண்டு முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வியர்த்தது. "நான் சொன்னது தப்பு" என்றார்.

"இன்னா?" என்றார் காசிலிங்கம்.

"தப்புப்பா. உப்பு இல்ல. ஒண்ணும் இல்ல. மிதிக்கலாம்."

காசிலிங்கம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "கம்பெனிக்காரன் இவன் வாயை அடைச்சுட்டான்டா. தலையைப் பாருங்க."

பலராமன் தலையைத் தொட்டுப் பார்த்தார். மஞ்சள் ஹெல்மெட் அப்படியே இருந்தது. அவசரமாகக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, துண்டை அவிழ்த்துக் கல்லை எடுத்தார். "நம்பலையா? நாக்குல வச்சுப் பாருங்க."

உப்பளத்து ஜனங்களை அப்படிக் கூப்பிட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? கல் கை மாறி, நாக்கு மாறிப் போனது. கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல் வரிசையாக வந்து நக்கினார்கள். "சாம்பல் மாதிரி இருக்குது" என்றாள் பொன்னி. "உப்பு ஒரு துளி இல்ல" என்றார்கள் இன்னும் ரெண்டு பேர். பலராமனுக்கு மூச்சு வந்தது.

"கழுவிக் குடுத்திருப்பான்" என்றார் காசிலிங்கம்.

இதற்குத்தான் பலராமனுக்கு வாய் துறுதுறுத்தது. அடங்காமல் ஆரம்பித்தார். உருகிய கல், நடுவில் பூந்து படுத்தது, சோற்றுப் பானை, அடிப்பிடித்தது எல்லாம் சொன்னார். நன்றாகவே சொன்னார். அதுதான் வினை.

"அப்ப நம்ம அளத்துக்கடியில நெருப்பு இருக்குதுன்னு சொல்லு!" என்றார் காசிலிங்கம்.

"போன தடவ தண்ணி. இப்ப நெருப்பா?" என்றாள் பொன்னி. யாரும் சிரிக்கவில்லை. ரெண்டு பெண்கள் தங்களை அறியாமல் காலை மாற்றி வைத்துக்கொண்டார்கள், தரை சுடுவதுபோல.

"நெருப்பு இல்லம்மா! அது அணைஞ்சு கோடி வருஷம் ஆச்சு. கல்லாப் போச்சு."

"அணைஞ்ச அடுப்பு திரும்பப் பத்திக்காதா?" என்று காசிலிங்கம் விடாமல் கேட்டார்.

பலராமன் வாயைத் திறந்தார். அழகான காரணம் ஒன்று உள்ளிருந்து கிளம்பி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடல் தண்ணீர் அதை எப்படிக் குளிர்வித்து வைத்திருக்கிறது என்று பிரமாதமாகச் சொல்லலாம். பொன்னியின் முகத்தைப் பார்த்தார். விழுங்கினார்.

"அது எனக்குத் தெரியாது. மேடத்தைக் கேட்டு வந்து சொல்றேன்."

கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. காரணம் சொல்லாத பலராமனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒவ்வொருவராகக் கிளம்பத் திரும்பினார்கள். பலராமன் வெளிறிய களிமண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் வாயால் கெடுத்ததைத் தன் வாயாலேயே சரிசெய்ய முடியவில்லையே என்று அவருக்கு அழுகை வந்தது. இத்தனை பேர் வயிற்றில் அடித்துவிட்டுக் கிளியனூரில் போய் எப்படிச் சோறு தின்பது என்று நினைத்தார்.

அப்போது அமராவதி புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகினாள். குடத்தை எடுத்து வாய்க்காலில் மொண்டு களிமண்மேல் தெளித்தாள். பாத்தியில் இறங்கி மிதிக்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா, நீதானே பெட்டி கட்டினவ? இந்த ஆளு பேச்சை நீயா நம்பற?" என்றார் காசிலிங்கம்.

"கல்லு வெந்துச்சா தீஞ்சுச்சா, எனக்கு இன்னா தெரியும்?" மிதிப்பதை நிறுத்தாமல் அவள் சொன்னாள். "முப்பது வருஷமா இந்த ஆளோட குடும்பம் நடத்தறேன். ரோட்டைப் பத்தி சொல்லிச்சு, டவரைப் பத்தி சொல்லிச்சு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், தப்புன்னு சொல்லி இருக்குதா இந்த வாய்? தெரியாதுன்னு சொல்லி இருக்குதா? கொழம்புல இது போட்ட உப்பு ஜாஸ்தின்னா கூட உன் நாக்குக்கு ஜுரம்னுதான் சொல்லும். இன்னிக்கு ஊரைக் கூட்டி வச்சு ரெண்டையும் சொல்லுது. எவ்ளோ கஷ்டப்பட்டு சொல்லுதுன்னு எனக்குத்தான் தெரியும். இது பொய்யா இருக்காது."

கேட்டவர்கள் எல்லோரும் பலராமனை வருஷக்கணக்காக அறிந்தவர்கள். யோசித்துப் பார்த்தார்கள். அவள் சொன்னதற்கு மேல் ஒரு சாட்சி இருக்க முடியாது என்று பட்டது. பொன்னிதான் முதலில் செருப்பைக் கழற்றினாள். அப்புறம் ஒவ்வொருவராக இறங்கினார்கள். காசிலிங்கம் கடைசியாக, "கடையில பால் காயுது" என்று முனகிக்கொண்டே இறங்கினார்.

பலராமன் மட்டும் வரப்பிலேயே நின்றார். மானம் போயிற்று என்று வெட்கப்படுவதா, பெண்டாட்டி நம்பிவிட்டாள் என்று சந்தோஷப்படுவதா, அவருக்குத் தெரியவில்லை. கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு இறங்கி, அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"அப்ப உங்கண்ணன் நாளைக்கு டெம்போ எடுத்தாந்தா?" என்று மெல்லக் கேட்டார்.

"வந்தா நல்லதுதான். களிமண் ஏத்தலாம்" என்றாள் அமராவதி, அவர் முகத்தைப் பார்க்காமல். "உன்னை அங்க கூட்டிப் போனா ஒரு வாரத்துல எங்கண்ணன் ரெண்டு பேரையும் துரத்திடும். தள்ளி நிக்காதய்யா. காலைச் சேத்து வை."